கேட்டுப் பெறும் வரி

பல்லவர் காலச் செப்பேடுகளையும் சோழர் காலக் கல்வெட்டுகளையும் வாசித்தவர்களுக்கு அவற்றில் வரும் வரிப் பெயர்கள் பழக்கமானவை. தறிக்கு ஒரு வரி, செக்குக்கு ஒரு வரி, தட்டாரிடம் தட்டார்ப்பாட்டம், குயவரிடம் குசக்காணம், கல்யாணம் நடந்தால் கண்ணாலக்காணம். இந்தப் பட்டியல் முழுக்கவே கண்ணால் பார்த்து எண்ணக்கூடியவற்றின் மேல் விழுந்த வரி. தறி வைத்திருப்பவருக்கு அந்த ஆண்டு நெசவு ஓடியதா, நட்டமா என்று யாரும் கேட்கவில்லை. வீட்டில் தறி நிற்கிறதா என்று பார்த்தார்கள், வசூலித்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி மெட்ராஸ் ராஜதானியில் நெசவாளர், கடைக்காரர், கைவினைஞர் ஆகியோரிடம் வாங்கிவந்த மோதுர்பா என்ற தொழில்வரியும் இதே வகைதான். வரி கொடுப்பவர் வாயைத் திறக்கவே தேவையில்லாத ஏற்பாடு அது. வருமான வரி இந்த வழக்கத்தை உடைத்தது. ஒருவருடைய ஆண்டு வருமானம் தெருவில் நின்று பார்த்தால் தெரியாது. அதை அறிய அரசு அவரிடமே கேட்டாக வேண்டும், அவர் பதில் எழுதிக் கொடுத்தாக வேண்டும். கணக்குத் தாக்கல் அல்லது ரிட்டர்ன் என்று நாம் சொல்லும் படிவம் அந்தப் பதில்தான். இந்திய வருமான வரியின் 160 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாற்றைப் பார்த்தால், அரசு அந்தக் கேள்வியைத் தவிர்க்கப் பலமுறை முயன்றதும், ஒவ்வொரு முறையும் அதனிடமே திரும்ப நேர்ந்ததும் தெரிகிறது. ரிட்டர்ன் என்பது வரி கட்டுபவருக்கு விதிக்கப்பட்ட தொல்லை என்ற பொதுவான எண்ணம் தவறு என்று நான் கருதுவதற்கு இந்த வரலாறுதான் காரணம்.

1857 எழுச்சியை அடக்கிய செலவு இந்திய அரசின் கருவூலத்தைக் கடனில் தள்ளியிருந்தது. அதைச் சரிசெய்ய லண்டனிலிருந்து அனுப்பப்பட்டவர் ஜேம்ஸ் வில்சன். எகானமிஸ்ட் இதழைத் தொடங்கியவர், வைஸ்ராய் சபையின் முதல் நிதி உறுப்பினர். 1860 பிப்ரவரியில் கல்கத்தாவில் அவர் வைத்த பட்ஜெட்டில் வருமான வரி இருந்தது. வரி இந்த மண்ணுக்குப் புதிதல்ல என்று காட்ட மனுவையே மேற்கோள் காட்டினார். மசோதா 1860 ஜூலை 24 அன்று சட்டமானது. வருமான வரித் துறை இன்றும் அந்த நாளைத்தான் வருமான வரி நாளாகக் கொண்டாடுகிறது. ஆண்டுக்கு 200 ரூபாய் முதல் 500 ரூபாய்க்குள் வருமானம் உள்ளவருக்கு 2 சதவீதம், அதற்கு மேல் 4 சதவீதம். நிலம், தொழில் வணிகம், கடன் பத்திரங்கள், சம்பளமும் ஓய்வூதியமும் என்று வருமானம் நான்கு பிரிவாக வகுக்கப்பட்டது. சட்டம் வந்து மூன்று வாரம்கூட ஆகாத நிலையில், ஆகஸ்ட் 11 அன்று வில்சன் கல்கத்தாவில் நோய்வாய்ப்பட்டு இறந்தார். வருமானத்தை அதன் மூலத்தை வைத்து வகைப்படுத்தும் அவருடைய முறை மட்டும் நிலைத்தது. இன்று சம்பளம், வீட்டுச் சொத்து, தொழில், மூலதன ஆதாயம், இதர வருமானம் என ரிட்டர்னில் நாம் நிரப்பும் ஐந்து தலைப்புகளும் அந்த நான்கு பிரிவுகளின் வழிவந்தவையே.

அந்த வரிக்கு முதல் பெரிய எதிர்ப்பு மெட்ராஸிலிருந்து கிளம்பியது, அதுவும் கவர்னரிடமிருந்தே. சர் சார்லஸ் டிரெவிலியன் அப்போது மெட்ராஸ் கவர்னர். புதிய வரி தேவையில்லை, ராணுவச் செலவைக் குறைத்தாலே போதும், மக்களுக்குப் பழக்கமில்லாத ஒரு வரியை அவர்கள்மேல் திணிப்பது ஆபத்து என்று அவர் எழுதிய குறிப்பு ரகசியக் கோப்பாக இருந்திருக்க வேண்டியது. அவர் அதைப் பத்திரிகைகளில் வெளிவரச் செய்தார். ஒரு மாகாண கவர்னர் மத்திய அரசின் வரித் திட்டத்தைப் பகிரங்கமாக மறுத்துப் பேசுவதை லண்டன் பொறுத்துக்கொள்ளவில்லை. அந்த ஆண்டே அவர் பதவியிலிருந்து திரும்ப அழைக்கப்பட்டார். ஆனால் கதை அதோடு முடியவில்லை. 1863இல் டிரெவிலியன் வில்சன் வகித்த அதே நிதி உறுப்பினர் பதவிக்கு வந்தார். ஐந்து ஆண்டுகளுக்கென்று போடப்பட்ட வரி 1865இல் அவருடைய காலத்திலேயே புதுப்பிக்கப்படாமல் காலாவதியானது.

டிரெவிலியன் சொன்னதில் பாதி நியாயம் என்பது என் எண்ணம். வரியை விதித்த சபையில் வரி கொடுப்பவரின் பிரதிநிதி ஒருவர்கூட இல்லை. யார் எவ்வளவு சம்பாதிக்கிறார் என்று தாலுகா சிப்பந்தி வீட்டுக்கு வீடு விசாரிக்கும்போது நடக்கக்கூடிய கொடுமையும் கற்பனை அல்ல. 200 ரூபாய் வருமானக்காரரையும் பிடித்தபோது அகப்பட்டவர்களின் எண்ணிக்கை பெரிது, வந்த பணம் சொற்பம். 1862லேயே 500 ரூபாய்க்குக் கீழ் உள்ளவர்கள் விடுவிக்கப்பட்டார்கள். அரசு அதன்பின் கேள்வி கேட்காத வழிகளைத் தேடியது. 1867இல் லைசென்ஸ் வரி, அடுத்த ஆண்டு சான்றிதழ் வரி. தொழில் நடத்துபவர்களை வகுப்புகளாகப் பிரித்து, வகுப்புக்கு ஒரு தொகை நிர்ணயிப்பது. பழைய மோதுர்பாவின் மறு உருவம் என்றே சொல்லலாம். அது போதவில்லை என்று 1869இல் மறுபடி வருமான வரி. 1873இல் நார்த்புரூக் பிரபு அதை எடுத்துவிட்டார். 1876–78 பெரும் பஞ்சத்துக்குப் பின் மறுபடி லைசென்ஸ் வரி. இந்தத் தடுமாற்றம் ஏன் என்பதற்கு விடை எளிது. வகுப்புக்கு ஒரு தொகை என்று விதிக்கும் வரியில் சிறு கடைக்காரருக்கும் பெரிய சாகுகாருக்கும் இடையே உள்ள தூரம் சரியாகத் தெரிவதில்லை. பஞ்சத்துக்குப் பின் வந்த லைசென்ஸ் வரியின் வலையில் வக்கீல்களும் சம்பளக்காரர்களும் விழவே இல்லை. நியாயமாக வசூலிக்க வேண்டுமானால் வருமானத்தைக் கேட்டே ஆக வேண்டும்.

1886ஆம் ஆண்டின் இரண்டாவது சட்டம் வருமான வரியை நிரந்தரமாக்கியது. அதில் வந்த மூன்று முடிவுகள் இன்றுவரை தொடர்கின்றன. விவசாய வருமானம் விலக்கப்பட்டது. நிலம் ஏற்கெனவே தீர்வையும் செஸ்ஸும் சுமக்கிறது என்பது காரணம். இந்துக் கூட்டுக் குடும்பம் தனி வரி அலகாக ஏற்கப்பட்டது. மூன்றாவது, சம்பளத்திலும் அரசுப் பத்திர வட்டியிலும் பணம் கைக்கு வருமுன்னே வரியைப் பிடித்துக்கொள்வது உறுதிப்பட்டது. டிடிஎஸ் எனப்படும் இந்தப் பிடித்தம் ஏதோ அண்மைக் காலப் புதுமை என்று நினைப்பவர்கள் உண்டு. அரசுச் சம்பளத்தில் பிடிப்பது 1860லேயே இருந்தது.

ஸ்லாப் மாறினால் மொத்த வருமானத்துக்கும் கூடுதல் வரி விழுந்துவிடும் என்ற பயமும் இந்தச் சட்டத்தின் எச்சம்தான். சம்பள உயர்வே வேண்டாம் என்று சொல்லும் அளவுக்குச் சிலரிடம் அந்தப் பயம் இன்றும் இருக்கிறது. அதை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது, ஏனென்றால் ஒரு காலத்தில் அது உண்மை. 1886 சட்டப்படி ஆண்டுச் சம்பளம் 2,000 ரூபாய்க்குக் கீழே என்றால் ரூபாய்க்கு 4 பை வரி. 2,000 அல்லது அதற்கு மேல் என்றால் ரூபாய்க்கு 5 பை. ஒரு ரூபாய்க்கு 192 பை. 1,999 ரூபாய் வாங்கிய குமாஸ்தா ஏறக்குறைய 41 ரூபாய் 10 அணா கட்டினார். ஒரே ஒரு ரூபாய் கூடி 2,000 ஆனால் முழுத் தொகைக்கும் 5 பை, அதாவது 52 ரூபாய் 1 அணா 4 பை. ஒரு ரூபாய் உயர்வு அவருக்குப் பத்து ரூபாய்க்கு மேல் நட்டம் வைத்தது. இந்த அநியாயம் 1939 வரை ஏதாவது ஒரு வடிவில் இருந்தது. அந்த ஆண்டுதான் ஸ்லாப் முறை வந்தது: ஒவ்வொரு அடுக்கிலும் விழும் பகுதிக்கு மட்டுமே அந்த அடுக்கின் விகிதம். அந்தப் பழைய ஆபத்து 2025 பட்ஜெட்டில் இன்னொரு வடிவில் எட்டிப் பார்த்தது. புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வருமானம் உள்ளவருக்கு வரும் 60,000 ரூபாய் வரி முழுவதும் தள்ளுபடியாகிறது. 12,10,000 ஆனால் தள்ளுபடி கிடையாது, வரி 61,500. பத்தாயிரம் கூடுதலாகச் சம்பாதித்தவர் அறுபதாயிரம் கட்டுவது தகாது என்பதால், வரம்பைத் தாண்டிய தொகைக்கு மேல் வரி போகக் கூடாது என்று சட்டம் கட்டுப்படுத்துகிறது. அவர் கட்ட வேண்டியது 10,000 ரூபாயும் அதன்மேல் 4 சதவீத செஸ்ஸும்தான். 1886இன் குமாஸ்தாவுக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை.

அந்நியர் தங்கள் போர்ச் செலவுக்குப் போட்ட வரி இது, சுதந்திர நாட்டில் இதற்கு என்ன நியாயம் என்ற கேள்வி அவ்வப்போது எழுகிறது. பிறப்பு அப்படித்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அன்றைய தேசியவாதிகள் இந்த வரியை எப்படிப் பார்த்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். காங்கிரஸ் மாநாடுகள் கேட்டது, விலக்கு வரம்பை 500லிருந்து 1,000 ரூபாயாக உயர்த்து என்றுதான். 1902இல் சட்டசபையில் பட்ஜெட்மீது பேசிய கோபால கிருஷ்ண கோகலே இதே கோரிக்கையையும் உப்பு வரிக் குறைப்பையும் ஒன்றாக வைத்தார். அவருடைய பார்வை தெளிவானது: உப்பு வரி கூலிக்காரரின் கஞ்சியிலிருந்து எடுக்கிறது, வருமான வரி கொடுக்க முடிந்தவரிடமிருந்து எடுக்கிறது, முதலாவதைக் குறை, இரண்டாவதைச் சரியான இடத்திலிருந்து தொடங்கு. 1903 பட்ஜெட்டில் கர்சன் அரசு இரண்டையும் செய்தது. உப்பு வரி மணங்குக்கு இரண்டரை ரூபாயிலிருந்து இரண்டானது, வருமான வரியின் விலக்கு வரம்பு 1,000 ஆனது. வருமான வரியை அந்நியச் சரக்கு என்று ஒதுக்குபவர்கள், அது இல்லாத இடத்தில் அரசு எதன்மேல் கை வைக்கும் என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும். உப்பு அதற்கான விடையாக இருந்தது. இன்று பொருள் வாங்கும்போது எல்லோரும் ஒரே விகிதத்தில் கட்டும் மறைமுக வரிகள் அந்த இடத்தில் இருக்கின்றன.

பழைய நாளில் மதிப்பீடு கலெக்டர் கையில் இருந்தது. அவர் ஒரு தொகையை முடிவு செய்வார், ஒப்பாதவர் அவரிடமே மனுப் போட வேண்டும். 1922 சட்டம் வருமான வரியைத் தனித் துறையின் தனிச் சட்டமாக வளர்த்தெடுத்தது. அப்போதும் அதிகாரி நோட்டீஸ் அனுப்பினால்தான் ஒருவர் ரிட்டர்ன் கொடுக்க வேண்டும் என்பதே நிலை. 1939 திருத்தம் அதை மாற்றியது. ஆண்டுதோறும் பொது அறிவிப்பு வரும், வரம்புக்கு மேல் வருமானம் உள்ள ஒவ்வொருவரும் தாமாகத் தாக்கல் செய்ய வேண்டும். 1961 சட்டம் அந்த அறிவிப்புகூடத் தேவையில்லை என்றது, சட்டமே அறிவிப்பு. 1941இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வந்தது. துறையின் முடிவைத் துறைக்கு வெளியே இருப்பவர்களிடம் எதிர்த்து வாதாட வழி பிறந்தது. தாமாகத் தாக்கல் செய்யும் கடமையும் இந்தத் தீர்ப்பாயமும் இரண்டு ஆண்டு இடைவெளியில் வந்ததை நான் தற்செயலாகப் பார்க்கவில்லை. உன் கணக்கை நீயே சொல் என்று ஒருவரிடம் கேட்கும் அரசு, அவர் சொன்னதை மறுக்கும்போது மூன்றாவது ஒருவரின் முன்னால் காரணம் காட்டக் கடமைப்பட்டது.

ஆண்டுக் குழப்பத்தின் வேரும் இந்தக் காலத்தில்தான் இருக்கிறது. 1918 சட்டம் நடப்பு ஆண்டு வருமானத்துக்கு வரி போட முயன்றது. அதற்குச் சென்ற ஆண்டுக் கணக்கை வைத்து முதலில் உத்தேசமாக விதித்து, பிறகு உண்மைக் கணக்கு வந்ததும் திருத்த வேண்டியிருந்தது. இரட்டை வேலை. 1922இல் அதைக் கைவிட்டு, முந்தைய ஆண்டு ஈட்டியதற்கு அடுத்த ஆண்டில் மதிப்பீடு என்று வகுத்தார்கள். அன்றிலிருந்து ஒரே வருமானத்துக்கு இரண்டு ஆண்டுப் பெயர்கள். 2024–25இல் சம்பாதித்ததற்கு 2025–26 என்று சலானில் எழுத வேண்டிய இந்த ஏற்பாட்டால் தவறான ஆண்டில் வரி கட்டித் திண்டாடியவர்கள் ஏராளம். 2025இல் நிறைவேறி, 2026 ஏப்ரல் 1ஐ நடைமுறையின் தொடக்க நாளாகக் கொண்ட புதிய வருமான வரிச் சட்டம் அந்த இரண்டு பெயர்களையும் நீக்கி வரி ஆண்டு என்ற ஒன்றை மட்டும் வைக்கிறது. நூறாண்டு தாமதமானாலும் நல்ல மாற்றம்.

கேள்விக்கு உண்மையான பதில் வர வேண்டுமானால், கேட்பவரும் நியாயமாக நடக்க வேண்டும். 1973–74இல் 2 லட்சத்துக்கு மேற்பட்ட வருமானத்தின் மேல் வரி, சர்சார்ஜையும் சேர்த்து, 97.75 சதவீதம். நூறு ரூபாய் கூடுதலாகச் சம்பாதித்தால் இரண்டே கால் ரூபாய் மிஞ்சும். அதற்கு மேல் செல்வ வரி வேறு. உச்ச விகிதம்தான் ஏய்ப்பைத் தூண்டுகிறது என்று வரி ஏய்ப்பை ஆராய்ந்த வாஞ்சூ குழு 1971லேயே எச்சரித்திருந்தது. 1974இல் 77 ஆகவும், 1985இல் 50 ஆகவும், 1997இல் 30 ஆகவும் உச்ச விகிதம் இறங்கியது. இடையிடையே அரசு இன்னொரு தவறையும் செய்துவந்தது. 1951, 1965, 1975, 1997, 2016 எனத் தலைமுறைக்கு ஒருமுறையாவது, மறைத்த வருமானத்தை ஒப்புக்கொண்டால் வழக்கில்லை என்று திட்டம் போட்டது. ஒழுங்காகத் தாக்கல் செய்தவருக்கு அதில் கிடைத்தது என்ன? மறைத்தவர் காத்திருந்து சகாயம் பெற்றார் என்ற செய்தி மட்டுமே. ஏய்ப்பைப் பற்றிப் பேசும் எவரும் இந்தத் திட்டங்கள் நேர்மையாளர் மனதில் ஏற்படுத்திய காயத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். 1990களின் இறுதியில் இன்னொரு முயற்சி நடந்தது. வீடு, வாகனம், தொலைபேசி, வெளிநாட்டுப் பயணம், கிரெடிட் கார்டு, கிளப் உறுப்பினர் உரிமை ஆகிய ஆறில் ஒன்று இருந்தாலும் ரிட்டர்ன் கொடுக்க வேண்டும் என்று சொன்னார்கள். தறியையும் செக்கையும் எண்ணிய பழக்கம் தொலைபேசியை எண்ணியது. சில ஆண்டுகளில் தொலைபேசி பரவலாகி, அந்த அளவுகோல் பொருளிழந்து கைவிடப்பட்டது.

மாதச் சம்பளக்காரர் தப்ப முடியாமல் கட்டுகிறார், பெரிய நிலக்காரரும் ரொக்க வியாபாரியும் தப்பிக்கிறார்கள் என்ற குறை உண்மையான குறை. நிலத்தீர்வை பெயரளவுக்குத் தேய்ந்துவிட்ட இன்றைக்கு 1886இன் காரணம் செல்லாது. அரசியல் சட்டப்படி விவசாய வருமானத்துக்கு வரி போடும் அதிகாரம் மாநிலங்களுக்கு மட்டுமே. மெட்ராஸ் மாநிலம் 1955இல் தோட்டப் பயிர்களுக்கு அப்படி ஒரு சட்டம் இயற்றவும் செய்தது. நீலகிரியில் தேயிலை பயிரிட்டுத் தூளாக்கி விற்பவரின் வருமானத்தில் 40 சதவீதம் தொழில் வருமானம், 60 சதவீதம் விவசாய வருமானம் என்று பிரிக்கும் விதி இன்றும் இருக்கிறது. ஆக, கோடு எங்கே விழ வேண்டும் என்பது தொட முடியாத புனித விஷயம் அல்ல. பெரிய விவசாய வருமானத்தை வரிக்குள் கொண்டுவருவதே நியாயம் என்று நான் நினைக்கிறேன். ஆனால் மற்றவர் விடுபட்டிருப்பது, நாம் நம் கணக்கைச் சொல்லாமல் இருப்பதற்குக் காரணமாகாது. சொல்லாதவருக்கு அதைப் பற்றிக் கேட்கும் இடமும் சுருங்குகிறது.

இன்னும் வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. பான் எண் எல்லாவற்றோடும் இணைந்துவிட்டது; 2021 முதல் வரும் ஏஐஎஸ் என்ற ஆண்டுத் தகவல் அறிக்கையில் சம்பளம், வட்டி, பங்கு விற்பனை, பத்திரப் பதிவு எல்லாம் இருக்கின்றன. எல்லாம் தெரிந்த அரசுக்கு நான் ஏன் மறுபடி சொல்ல வேண்டும்? ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியையை எடுத்துக்கொள்வோம். ஆண்டு ஓய்வூதியம் 3,60,000 ரூபாய். வைப்பு நிதி வட்டி 1,20,000. மூத்த குடிமக்களுக்கான ஒரு லட்சம் வரம்பைத் தாண்டியதால் வங்கி 10 சதவீதம், 12,000 ரூபாய் பிடித்துவிட்டது. மொத்தம் 4,80,000. புதிய முறையின் நிலையான கழிவு 75,000 போனால் 4,05,000. நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட 5,000 ரூபாய்க்கு 5 சதவீதம், 250 ரூபாய் வரி, அதுவும் தள்ளுபடி. கட்ட வேண்டியது ஒன்றுமில்லை, பிடிக்கப்பட்டதோ 12,000. அது அரசிடம் இருப்பது அரசுக்குத் தெரியும், ஏஐஎஸ்ஸிலும் இருக்கும். ஆனால் அவர் ரிட்டர்ன் கொடுக்காதவரை அந்தப் பணம் திரும்ப வராது. 12 லட்சம் வரை வரியில்லை என்று கேட்டதால் தாக்கலே வேண்டாம் என்று இருந்துவிட்டால் இரட்டை நட்டம். தள்ளுபடி வேறு, தாக்கல் செய்யும் கடமை வேறு. நான்கு லட்சம் தாண்டியதால் அவர் தாக்கல் செய்தே ஆக வேண்டும். கெடு தாண்டினால் அவர் வருமானத்துக்கு 1,000 ரூபாய், 5 லட்சத்துக்கு மேல் உள்ளவருக்கு 5,000 ரூபாய் தாமதக் கட்டணம். தொழிலிலோ பங்கிலோ நட்டம் கண்டவர் கெடுவைத் தவறவிட்டால், வரும் ஆண்டுகளின் லாபத்தில் அதைக் கழிக்கும் உரிமையையும் இழக்கிறார்.

அரசுக்குத் தெரிந்திருப்பது பணம் நகர்ந்த தடம் மட்டுமே. கூட்டுக் கணக்கின் வட்டி யாருடையது, விற்ற பங்கு என்ன விலைக்கு வாங்கியது, கணக்கில் வந்த தொகை வருமானமா, மகன் அனுப்பிய பணமா, திரும்பி வந்த கைமாற்றா என்பதையெல்லாம் சொல்லக்கூடியவர் ஒருவரே. ஏஐஎஸ் திரையில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே, இந்தத் தகவல் சரியில்லை, இது வேறொருவருடையது, இரண்டு முறை வந்திருக்கிறது என்று குறிக்க இடம் வைத்திருப்பது அதனால்தான். படிவத்தைக் கணினியே நிரப்பிக் கொடுக்கிறது, ஆடிட்டர் அனுப்பி வைக்கிறார். ஆனாலும் தாக்கல் செய்த 30 நாளுக்குள் வரி கட்டுபவர் ஆதார் ஓடிபி மூலமோ கையெழுத்திட்ட படிவத்தை அனுப்பியோ உறுதிசெய்யாவிட்டால், கெடுவுக்குள் அனுப்பியதும் கணக்கில் சேராது. அந்த உறுதிமொழிக்கு ஆடிட்டர் பொறுப்பல்ல, பெயருக்குரியவரே பொறுப்பு. எனவே ஓடிபியைத் தொலைபேசியில் சொல்லிவிடுவதற்கு முன், வருமானம், கழிவு, பிடித்த வரி, திரும்ப வர வேண்டிய தொகை ஆகிய நான்கு எண்களையாவது ஏஐஎஸ்ஸோடும் வங்கிக் கணக்கோடும் ஒப்பிட்டுப் பார்த்துவிட வேண்டும்.